எலக்ட்ரிக் பேஸ் வாசிப்பவர் எலக்ட்ரிக் அப்ரைட் பேஸை எங்கிருந்து தொடங்குவது?

பல வருடம் எலக்ட்ரிக் பேஸ் வாசித்த கை, அப்ரைட்டில் (நிமிர்த்தி நிறுத்தி வாசிக்கும் பேஸில்) ஏன் சுருதி விலகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தந்திகள் அதே ஈ, ஏ, டி, ஜி தான். மாறுவது தூரம். தந்தி நீளம் 34 அங்குலம் உள்ள பேஸில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் பட்டை) முதல் அரைச்சுரம் சுமார் 4.8 செ.மீ.; 42 அங்குல அப்ரைட்டில் கிட்டத்தட்ட 6 செ.மீ. அதோடு சுர இடங்களைப் பிரிக்கும் ஃப்ரெட் கம்பிகளும் கிடையாது.

அதனால் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற பழக்கத்தை நட்டுக்கு அருகே விட்டுவிடுங்கள். ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் போதும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அழுந்தும். ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு முழுச்சுரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் விரலை நீட்டாதீர்கள், கையையே நகர்த்துங்கள். கட்டைவிரலால் இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம், கையின் எடையே தந்தியை அழுத்தட்டும்.

காதுக்கு நான் மிகவும் நம்பும் பயிற்சி இது: திறந்த ஈ தந்தியை ஒலிக்கவிட்டு, டி தந்தியில் ஆள்காட்டி விரலால் மேல் ஈ-யை வாசியுங்கள். இடம் தவறினால் ‘வ்வ்வ்’ என்று ஒலி அலையடிக்கும். விரலை மயிரிழை நகர்த்துங்கள், அலை மெதுவாகி அடங்கும். அந்த இடத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கழுத்தின் பக்கத்தில் இடம் காட்டும் புள்ளிகளைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் முடிவு சொல்ல வேண்டியது காது.

வலது கையில் விரல் நுனியை விட ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையால் மீட்டினால் ஒலி கனமாக வரும். ஸ்டாண்டின் உயரம், நட்டு உங்கள் புருவத்துக்கு நேராக இருக்கும்படி. பீசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் உணரி) ஒலி மெலிந்து கேட்டால், உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம் கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை பேஸுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் வையுங்கள்.