வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஆலயம், வெவ்வேறு பருவங்கள்

அருகிலுள்ள சிற்றூர்களுக்கும் அங்குள்ள பழைய தேவாலயங்களுக்கும் சிறு உலாவாகப் போய்வருவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒருசேர விடையளிக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். நெடும்பயணத்துக்கு உடல் இடம் தருவதில்லை என்பதால், ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களின் ஆலயங்களை வாரம் ஒன்றாகப் பார்த்துவருகிறோம். ஆனால் உள்ளே போய், சிறிது நேரம் நின்று, கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோம். முழுமையாகப் பார்க்கவில்லை என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: போனவுடன் கதவைத் தேடாமல், கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு முழுச் சுற்று சுற்றிவாருங்கள். பழைய ஆலயம் ஒரே காலத்தில், ஒரே கொத்தர் குழுவால் கட்டி முடிக்கப்பட்டதாக இருப்பது அரிது. மக்கள் பெருகியபோது ஒரு பக்கம் நீட்டியிருப்பார்கள்; இடி விழுந்தோ தீப்பிடித்தோ கோபுரம் சிதைந்தபோது வேறு கல்லால் எழுப்பியிருப்பார்கள்; ஊருக்குள் வரும் வழி மாறியபோது ஒரு வாசலையே அடைத்திருப்பார்கள். கல்லின் நிறம் சட்டென்று மாறும் இடமும், சுவருக்குள் கதவின் வளைவு மட்டும் தெரிகிற இடமும், கூரை முன்பு தாழ்வாக இருந்ததைக் காட்டும் சாய்கோடும் இந்த மாற்றங்களின் தடயங்கள். சன்னல் வளைவுகளையும் கவனியுங்கள். மேற்கு ஐரோப்பாவில் அரைவட்ட வளைவு பழைய பாணி. பாரிஸை அடுத்த சேன் தெனி மடத்து ஆலயத்தின் கிழக்குப் பகுதியை மடாதிபதி சூஜேர் புதிதாகக் கட்டி 1144இல் அர்ப்பணித்ததை ஒட்டியே, கூர்வளைவும் அகன்ற சன்னலும் கொண்ட கோதிக் பாணி வேரூன்றிப் பரவியது. எனினும் 19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் இந்த இரண்டு பாணிகளையும் பார்த்து மறுபடி கட்டினார்கள். ஆகவே வளைவின் வடிவத்தை மட்டும் வைத்துக் கட்டடத்தின் வயதை முடிவு செய்துவிடாதீர்கள்.

உள்ளே போனதும், நடப்பதற்கு முன் பின்வரிசையில் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் அரையிருளுக்குப் பழக அந்த நேரம் வேண்டும். மக்கள் அமரும் நீண்ட கூடத்துக்கு மேலை மொழிகள் பலவற்றில் வழங்கும் பெயர், கப்பலைக் குறிக்கும் ‘நாவிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரக்கூரையுள்ள ஆலயத்தில் அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்து வைத்த கப்பலின் உட்புறம் போலவே அது தோன்றும். திருமுழுக்குத் தொட்டி (ஞானஸ்நானத் தொட்டி) பெரும்பாலும் வாசலருகே இருப்பதற்குக் காரணம், திருமுழுக்கே திருச்சபைக்குள் நுழையும் வாசல் என்ற நம்பிக்கை. அந்தத் தொட்டி எட்டுப் பட்டை கொண்டதாக இருந்தால், ஏழு நாள் படைப்புக்குப் பின் வரும் எட்டாம் நாளை, அதாவது உயிர்ப்பின் நாளை, அது குறிக்கிறது.

மரபுப்படி பலிபீடம் கிழக்கிலும் பெரிய வாசல் மேற்கிலும் இருக்கும். எழும் கதிரவன் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் அடையாளம் என்பதால் வந்த வழக்கம் இது. ரோம் நகரின் புனித பேதுரு பேராலயத்திலோ முகப்பே கிழக்கு நோக்கி இருக்கிறது. நெருக்கமான தெருக்களில் இடத்துக்கேற்பத் திசை மாறிய ஆலயங்களும் உண்டு. நீங்கள் நிற்கும் ஆலயம் எத்திசை நோக்கியது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது.

கேள்வி: இத்தகைய உலாவுக்கு ஆண்டில் எந்தப் பருவம் சிறந்தது?

பதில்: சிறந்த பருவம் என்று ஒன்றைச் சொல்வது, அந்த ஆலயத்தின் மற்றப் பருவங்களை உங்களிடமிருந்து பறிப்பதாகும். புதிய ஆலயங்கள் நான்கைத் தேடி அலைவதைவிட, ஒரே ஆலயத்துக்கு நான்கு பருவங்களில் போவது அதிகம் தரும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் வெளிச்சத்தில் இருக்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 45 பாகை அட்சரேகையில் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலில் நண்பகல் சூரியன் சுமார் 68 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரின் மிகக் குறுகிய பகலிலோ 22 பாகையைக்கூட எட்டாது. கோடையில் தெற்குச் சன்னல் வழியே செங்குத்தாக இறங்கிச் சன்னலடித் தரையிலேயே விழுந்துவிடும் ஒளி, குளிர்காலத்தில் கூடம் முழுவதையும் கடந்து எதிர்ச்சுவர் வரை போகும். கோடை முழுவதும் இருட்டில் கிடந்த ஒரு சிற்பம் டிசம்பரில் அரைமணி நேரம் ஒளி பெறுவதை, இரண்டு பருவங்களிலும் போனவர் மட்டுமே அறிவார். சூரியன் உதிக்கும் இடமும் அதே ஊரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 68 பாகை அளவுக்கு வடக்கும் தெற்குமாக நகர்வதால், கிழக்குச் சன்னலின் காலை ஒளியும் மாதத்துக்கு மாதம் வேறு இடத்தில் விழுகிறது. தென்கோளத்தில் இருப்பவர்கள் தெற்கு என்ற இடத்தில் வடக்கு என்றும், ஜூன் என்ற இடத்தில் டிசம்பர் என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

கட்டியவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். பிரான்சின் வெஸ்லே நகரில் உள்ள புனித மகதலா மரியா ஆலயத்தில், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டிய நாள்களில், நண்பகல் ஒளி தெற்கு மேற்சன்னல்கள் வழியே இறங்கி, கூடத்தின் நட்டநடுவில் வாசலிலிருந்து பலிபீடத்தை நோக்கி ஒளித்திட்டுகளாக வரிசை பிடிக்கிறது. இத்தாலியின் பொலோஞாவில் உள்ள சான் பெத்ரோனியோ ஆலயத்தில் வானியலாளர் காசினி 1655இல் இன்னும் துல்லியமான ஒன்றைச் செய்தார். ஏறக்குறைய 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சிறு துளையும், தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு வடக்கு தெற்காக ஒரு கோடும் அமைத்தார். துளை வழியே வரும் சூரியனின் வட்டம் ஒவ்வொரு நண்பகலிலும் அந்தக் கோட்டைக் கடக்கும்; கோடையில் துளைக்கு அருகிலும் குளிர்காலத்தில் கோட்டின் தொலைமுனையிலும் விழும். உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டரின்) நாளைக் கணிக்க, இளவேனிலில் இரவும் பகலும் சமமாகும் நாளைத் துல்லியமாக அறியவேண்டியிருந்தது. அதற்காக ஆலயமே வானாய்வுக் கருவியாக மாறியது. பாரிஸின் சேன் சுல்பீஸ் ஆலயத்திலும் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த இத்தகைய கோடு உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வதால் கோடு தரையில் இடம் போதாமல் ஒரு பளிங்குத் தூணின் மீது ஏறிச் செல்வது அங்கே காணக்கூடிய அழகு.

உங்கள் அருகூர் ஆலயத்தில் இப்படிப்பட்ட கோடு இருக்கவேண்டியதில்லை. தெற்குச் சுவரின் வெளிப்புறத்தில், கதவருகே, நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் சில கீறல்களும் தென்படுகின்றனவா என்று பாருங்கள். துளையில் ஒரு குச்சியைச் செருகி, அதன் நிழலைக் கொண்டு வழிபாட்டு நேரத்தை அறிந்த எளிய சூரியக் கடிகாரம் அது. இங்கிலாந்தின் இடைக்கால ஆலயங்கள் பலவற்றில் இது இன்றும் இருக்கிறது. சாய்ந்த வெயிலில் தெளிவாகத் தெரிவது, உச்சி வெயிலில் கண்ணுக்கே படாது. தேய்ந்த கல்லறை எழுத்துகளும் அப்படியே. பக்கவாட்டு வெயில் வரும் காலையிலோ மாலையிலோதான் அவை படிக்கக் கிடைக்கும்.

மழைக்காலத்தை ஒதுக்காதீர்கள். கூரை விளிம்பில் வாய் பிளந்து நிற்கும் விலங்குருவங்கள், சுவரை விட்டுத் தள்ளி மழைநீரைக் கொட்டுவதற்காகவே வைக்கப்பட்ட நீர்த்தாரைகள் என்பது மழையில் நின்று பார்க்கும்போது சொல்லாமலே விளங்கும். வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்கும் மேகமூட்டமான நாள் நல்லது. நேர்வெயிலில் ஒருபுறம் கண்ணைக் கூசி மறுபுறம் இருளும் சன்னல், மூட்டமான நாளில் எல்லாக் கட்டங்களையும் ஒரே சீராகக் காட்டுகிறது. பழைய கண்ணாடி அடியில் தடித்திருந்தால், அது காலப்போக்கில் வழிந்து இறங்கியது என்று யாராவது சொல்லக்கூடும், அது சரியன்று. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி தொடக்கத்திலேயே சீரற்ற தடிமனுடன் இருந்தது.

கேள்வி: நான் கிறிஸ்தவர் அல்லன். ஒரே ஆலயத்துக்கு மூன்று முறை போனபோது பலிபீடத் துணியும் குருவின் மேலாடையும் பச்சை, ஊதா, வெள்ளை என்று மாறியிருந்தன. ஒருமுறை சிலைகளையே துணியால் மூடியிருந்தார்கள். காரணம் என்ன?

பதில்: நீங்கள் பார்த்தது திருவழிபாட்டு ஆண்டின் பருவங்களை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துக்கும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்துக்கும் ஊதா. அந்த இரு பெருவிழாக்களின் காலங்களுக்கு வெள்ளை. தூய ஆவியார் பெருவிழாவுக்கும் நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைச்சாட்சிகளின் நினைவு நாள்களுக்கும் சிவப்பு. எஞ்சிய பொதுக்காலத்துக்குப் பச்சை. திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கும். உயிர்ப்புப் பெருவிழா, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பதால், மேலைத் திருச்சபைகளில் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் விழலாம். கீழைத் திருச்சபைகள் பலவும் பழைய ஜூலியன் நாள்காட்டியைக் கொண்டு கணிப்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் பிந்தி வரும்.

சிலைகளை மூடியிருந்தது தவக்காலத்தின் இறுதி இரு வாரங்களாக இருந்திருக்க வேண்டும். கத்தோலிக்க ஆலயங்கள் சிலவற்றில் அந்த வழக்கம் உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவின் இரவு வழிபாட்டுக்குள் திரை அகற்றப்படும். அந்தப் பெருவிழாவுக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழன் மாலை முதல் அந்த இரவு வரை மணிகளும் ஒலிக்கமாட்டா. ஒரு கட்டடம் தன் அழகையும் குரலையும் தானே மறைத்துக்கொள்ளும் அந்த நாள்களில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் அது நெஞ்சைத் தொடும் அனுபவம்.

கேள்வி: ஒன்பது வயது மகளை அழைத்துச் சென்றால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, தேடும் வேலையைக் கொடுங்கள். இறக்கையுடன் ஒரு மனிதர், ஒரு சிங்கம், ஒரு காளை, ஒரு கழுகு ஆகிய நான்கும் முறையே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நற்செய்தியாளர்களின் அடையாளங்கள். மேடையிலோ சன்னலிலோ கூரையிலோ பெரும்பாலும் எங்காவது இருக்கும். சாவி வைத்திருப்பவர் பேதுரு, வாள் வைத்திருப்பவர் பெரும்பாலும் பவுல், சக்கரத்துடன் நிற்பவர் கத்தரீன், இரும்புக் கம்பித்தட்டுடன் நிற்பவர் லாரன்ஸ். இந்த எட்டையும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தால், உங்களுக்கு முன்பே அவள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள்.

கேள்வி: பல ஆலயங்கள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும்போது வழிபாடு நடக்கிறது. எப்போது போவது? படம் எடுக்கலாமா?

பதில்: வழிபாடு முடிந்த அரைமணி நேரம் மிக ஏற்றது, கதவு திறந்திருக்கும், விவரம் அறிந்தவர்களும் இருப்பார்கள். பூட்டியிருந்தால் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, பங்குக் குருவின் இல்லத்தில் பணிவுடன் கேளுங்கள். திருமணமோ அடக்கச் சடங்கோ நடந்தால் திரும்பிவிடுவதே முறை. அனுமதி கேட்டுப் படம் எடுங்கள், மின்னொளி வேண்டாம், மன்றாடிக்கொண்டிருப்பவரின் முகத்தை எடுக்கவே கூடாது. கல்லறைகளில் எழுத்து தெரியவில்லை என்று கல்லைச் சுரண்டாதீர்கள். அதன்மேல் படர்ந்த கற்பாசியில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று பல தலைமுறைகளைக் கண்டதாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் இருந்த ஒன்பது ஆலயங்களையும் பார்த்து முடித்துவிட்டோம். இனி எங்கே போவது?

பதில்: முதலில் பார்த்த ஆலயத்துக்கே. அதை எந்த மாதத்தில், எந்த வேளையில் பார்த்தீர்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு, ஆறு மாதம் தள்ளி, காலையில் போயிருந்தால் மாலையில் போங்கள். பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் ஆண்டையும் நாளையும் தனித்தனியே பகுத்துப் பார்த்த மொழி நம்முடையது. அந்த இரண்டையும் மாற்றினால் ஒன்பது ஆலயங்கள் எத்தனை ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த முறை ஆலயத்தோடு நிற்காமல், மணிக்கூண்டு கண்ணில் படும் எல்லை வரை ஊரைச் சுற்றி நடந்துவாருங்கள். இலையுதிர்ந்த பருவத்தில் அந்த எல்லை வெகு தொலைவு நீளும். இலை அடர்ந்த பருவத்தில் இரண்டு தெரு தாண்டினாலே கோபுரம் மறைந்துவிடும். பழைய தெருக்கள் எந்த இடத்தில் வந்து கூடுகின்றன, சந்தைத் திடல் வாசலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அப்போது கவனியுங்கள். ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். ஆலயத்தின் தரைப்படத்தைக் கையால் எளிமையாக வரைந்து, ஒளி எங்கே விழுந்தது என்பதை நிழலிட்டுக் காட்டி, பக்கத்தில் நாளையும் மணியையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை போகும்போது அதே பக்கத்தில், வேறு நிறப் பென்சிலால் தொடருங்கள்.