1,980 கிலோ கேம்பர், 2,000 கிலோ இழுக்கும் கார்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். நானும் மனைவியும், 7 மற்றும் 10 வயதில் இரண்டு பிள்ளைகள். ஏழு பேர் அமரும் எஸ்யூவி வைத்திருக்கிறோம். பிரேக் உள்ள ட்ரெய்லரை 2,000 கிலோ வரை இழுக்கலாம், டோ பால் (ட்ரெய்லரை மாட்டும் குமிழ்) மீது 200 கிலோ வரை அழுத்தலாம் என்று கையேட்டில் இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் கிராம்பியன்ஸ், மரே ஆற்றங்கரை என்று போய்வர, பங்க் (அடுக்கு) படுக்கை வைத்த ஹைப்ரிட் கேம்பர் (பாதி கேரவன், பாதி கூடார ட்ரெய்லர்) ஒன்றைப் பார்த்தோம். வெறும் எடை 1,560 கிலோ, ஏடிஎம் 1,980 கிலோ என்று விளம்பரத் தாளில் இருக்கிறது. "உங்கள் காருக்கென்றே செய்தது போல இருக்கிறது" என்கிறார் விற்பனையாளர். நம்பி முன்பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கேம்பர் நன்றாகவே இருக்கலாம். உங்கள் குடும்பம் அதில் ஏறிய பிறகு அந்த 1,980 நிற்குமா என்பதுதான் என் சந்தேகம்.

ஏடிஎம் என்பது, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அந்த ட்ரெய்லர் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. காரிலிருந்து கழற்றி நிறுத்தினால் மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்ற உச்சவரம்பு. அதிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. உங்கள் கணக்கில் 420 கிலோ. கேட்க நிறையத் தெரிகிறது. ஏற்றிப் பார்ப்போம்.

இந்த அளவு கேம்பரில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு இருப்பது வழக்கம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நிரப்பினால் 160 போயிற்று, மிச்சம் 260. முழு கேஸ் சிலிண்டர் இரண்டு வைத்தால், இரும்போடு சேர்த்து 38 கிலோ அளவில் வரும். மிச்சம் 222. ஏசி, பக்கப் பந்தல், இரண்டாவது பேட்டரி எல்லாம் கூடுதல் வசதி என்று தனியாக மாட்டித் தருவார்கள். தாளில் போட்ட வெறும் எடையில் இவை பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 70 என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 152. ஃபிரிட்ஜில் வைக்கும் சாப்பாடு, பாத்திரம், அரிசி, மளிகைக்கு 50. நாலு பேரின் துணி, போர்வை, தலையணைக்கு 60. கையில் இருப்பது 42 கிலோ. நாற்காலி, மேசை, கருவிப் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள், விறகு மூட்டை எல்லாம் இந்த 42 கிலோவுக்குள் அடங்க வேண்டும். அடங்காது.

அடுத்து, 1,980 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். குடும்பக் கார்களில் பல 2,000 கிலோவோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கூட்டத்துக்கு விற்க வேண்டுமானால் ட்ரெய்லரின் எடைத் தகட்டில் 2,000-க்குக் கீழே ஓர் எண் இருந்தாக வேண்டும். அதே கூடு, அதே அச்சு, அதே சக்கரம் உள்ள கேம்பரை 3,500 கிலோ இழுக்கும் யூட் (பின்னால் சாமான் தட்டு உள்ள வண்டி) வைத்திருப்பவருக்கு அதிக ஏடிஎம் தகட்டோடு கொடுப்பார்கள். உங்களுக்கு வரும்போது தகட்டின் எண் மட்டும் இறங்கும். உற்பத்தியாளர் அப்படிக் குறைத்துக் கொடுப்பதில் சட்டப்படி தவறில்லை. தவறு செய்தவராக நிற்கப்போவது சாமான் ஏற்றி ஓட்டுகிற நீங்கள். எண்ணைக் குறைத்தவர் கடையிலேயே இருப்பார். நீங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் போக்குவரத்து அதிகாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். விபத்து நடந்து, எடை மீறியிருந்தது தெரிந்தால் காப்பீட்டுக்காரர் இழப்பீட்டை மறுக்க அதையே காரணமாகக் காட்டலாம். வாங்குகிற அன்றே, முழு வசதியோடு, வாங்குபவர் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி விதி போட்டால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

காரின் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். கையேட்டில் ஜிவிஎம் என்று ஓர் எண் இருக்கும்: கார், அதில் இருக்கும் ஆட்கள், சாமான், டோ பால் மீது அழுத்தும் பாரம் எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. ஜிசிஎம் என்பது காரும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்தத்துக்கான வரம்பு. 2,000-இல் டோ பால் மீது அழுத்தும் 200 ஏற்கெனவே ஜிவிஎம்மில் சேர்ந்துவிட்டது; ஆகவே ஜிவிஎம்மோடு மீதி 1,800-ஐக் கூட்டிப் பாருங்கள். ஜிசிஎம் அதைவிடக் குறைவாக இருந்தால், கார் நிறைய ஆளும் சாமானும் வைத்துக்கொண்டு 2,000 கிலோவை இழுக்க முடியாது என்று அர்த்தம். இதை விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். "ஸ்பிரிங் மாற்றுங்கள், ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரின் பின்பக்கம் நிமிரும். அதனால் மட்டும் சட்டப்படியான வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

டோ பால் பாரத்தை மாட்டுவண்டி கட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். ட்ரெய்லரிலும் அதேதான். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி குறையும். பின்பாரம் மிஞ்சினால் வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் காற்றே போதும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோ பாலில் இருப்பது நல்லது. 1,980-க்கு அது 198. உங்கள் வரம்பு 200. விளிம்பிலேயே நிற்கிறீர்கள்.

போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு குடும்பம் எங்கள் பட்டறைக்கு வந்தது. "இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்கள்" என்றார் அப்பா. காரைப் பார்த்ததுமே காரணம் தெரிந்தது. பின்பக்கம் உட்கார்ந்து, முகப்பு விளக்கு மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டோ பால் பாரத்தை அளந்தேன்: 262 கிலோ. அந்தக் காருக்கும் வரம்பு 200தான். கேம்பரின் முன்பெட்டியைத் திறந்தால் ஜெனரேட்டர், இரண்டு ஜெர்ரி கேன், தேங்காய் அளவு கற்கள் ஒரு சாக்கு. கடைக்குட்டி ஆற்றங்கரையில் பொறுக்கிச் சேர்த்தவை! கற்களைப் பட்டறை வாசலில் இறக்கினோம், கேன்களைக் காலி செய்தோம், ஜெனரேட்டரை அச்சுக்கு மேலே நகர்த்தினோம். மறுபடி அளந்தால் 204. இன்னும் நாலு கிலோ அதிகம். முன்பெட்டியில் கிடந்த கூடாரச் சம்மட்டியையும் ஆணிப் பையையும் எடுத்து உள்ளே வைத்த பிறகுதான் சரியாயிற்று.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. மின்சார இணைப்பும் குழாயும் உள்ள கேரவன் பார்க்குகளில் மட்டும்தான் தங்குவீர்கள் என்றால், தொட்டியைக் காலியாக வைத்தே போகலாம். 160 கிலோ அப்படியே உங்களுக்கு மிச்சம், 1,980-க்குள் அடங்கியும் விடுவீர்கள். ஆனால் தொட்டி எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அச்சுக்கு முன்னால் இருந்தால், காலி செய்யும்போது முன்பாரம் குறையும். பின்னால் இருந்தால், காலி செய்யும்போது முன்பாரம் ஏறும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருந்தால், எதை முதலில் தீர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். போகும்போது சரியாக இருந்த வண்டி திரும்பும்போது வால் ஆட்டுவது இதனால்தான்: முன்தொட்டித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்திருப்பார்கள், பின்தொட்டி நிறைந்திருக்கும். கழிவுநீர்த் தொட்டி பின்பக்கம் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். கிளம்பும் முன் உரிய இடத்தில் அதைக் காலி செய்துவிடுங்கள். மரே ஆற்றங்கரையில் குழாய் இல்லாத இடங்களில் தங்கும் ஆசை இருந்தால் இந்த விதிவிலக்கு உங்களுக்கு உதவாது. கடிதத்தைப் பார்த்தால் அந்த ஆசைதான் தெரிகிறது.

ஆகவே கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நீங்கள் வாங்கப்போகும் அதே கேம்பரை, எல்லா வசதியும் மாட்டிய பிறகு, பொது எடைமேடையில் நிறுத்தி எடுத்த சீட்டு. மாதிரி வண்டியின் சீட்டு வேண்டாம். தண்ணீரும் கேஸும் இல்லாமல் இத்தனை கிலோவுக்கு மேல் போனால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். உங்கள் காருக்கு வெறும் எடை 1,300 கிலோவை ஒட்டிய ஹைப்ரிட்தான் பொருத்தம். அதில் பங்க் படுக்கை வைத்தது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். "நாலைந்து குடும்பம் சேர்ந்தால் கன்டெய்னரில் நேரடியாக வரவழைத்துத் தருகிறேன், பாதி விலை" என்று கோயிலிலும் பிறந்தநாள் விழாவிலும் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். கை கொடுக்காதீர்கள். ட்ரெய்லரை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் துறைமுகத்தில் நின்றுவிட்டால் உங்கள் பணமும் அங்கேயே நிற்கும். கடையில் வாங்கும் புதிய ட்ரெய்லர் என்றாலும் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதன் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) அரசின் இணையப் பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். வாங்கிய பின் பெரிய கோளாறு வந்தால், "உற்பத்தியாளரிடம் போங்கள்" என்று கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று வண்டியா என்பதை முடிவு செய்வது நீங்கள். நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கன்டெய்னர் அண்ணன் கடைக்காரர் இல்லையே. அவர் மேல் எந்த வழக்கைப் போடுவீர்கள்?

படுக்கையையும் அளந்துவிடுங்கள். 10 வயதுப் பிள்ளை மூன்று வருடத்தில் உங்கள் தோளுக்கு வந்துவிடும். பங்கில் காலை நீட்ட முடியாது. ஹைப்ரிட்டில் சமையல் பெரும்பாலும் வெளியே இழுக்கும் மேடையில்தான். இதே மாதிரி ஒன்றை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, முடிந்தால் மழை நாளாகப் பார்த்து, போய் வாருங்கள். எடைமேடைச் சீட்டு கைக்கு வந்ததும் அதில் உள்ள எண்களையும் உங்கள் காரின் ஜிவிஎம், ஜிசிஎம் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.