பேரன் நாமத்தைத் துடைத்துவிட்டான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 71 வயது. தாமரைக்குளம் பக்கம் வீடு. அய்யாவழி மக்களான எங்களின் புனித நூல் அகிலத்திரட்டு அம்மானை; என் அப்பா வாசித்த பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கழன்றதை சாக்குத் தைக்கும் நூலால் நானே தைத்து வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் இந்தத் திருஏட்டை வாசிப்பவர்களில் நானும் ஒருவன்.

மகன் குடும்பம் பெங்களூரில். 13 வயதுப் பேரன் தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. மே விடுமுறையில் வந்தவன், நான் இட்ட நாமத்தை பஸ் ஏறுமுன் துடைத்துவிட்டான். எங்கள் கோயிலான பதியில் சாமி இடத்தில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்து, "பாட்டா, இதில் நான்தானே தெரிகிறேன், சாமி எங்கே?" என்று சிரித்தான். அதட்டி அடக்கினேன். மகனோ, "வளர்ந்தால் தானாக வரும், விடுங்கள்" என்கிறான். எனக்குப் பின் ஏடு பரணுக்குத்தானா? இரவில் உறக்கம் இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

கட்டாயம் வேண்டாம். அதற்காக உங்கள் மகன் பேச்சையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தானாக வருவது தாடி மீசைதான்.

நாமத்தைத் துடைத்தது சக வயதினரின் கண்ணுக்குப் பயந்து. அந்த வயதில் அது இயல்பு, நம்பிக்கையோடு முடிச்சுப் போடாதீர்கள். கண்ணாடி விஷயம் வேறு. சிலைக்குப் பதில் கண்ணாடி வைத்ததே, இறைவன் உனக்குள் இருக்கிறான் என்று காட்டத்தானே? பையன் சிரித்துக்கொண்டே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். தொலைபேசியில் அழைத்து, "அன்று நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். திருவிதாங்கூரில் தலையில் துண்டு கட்டும் உரிமைகூட இல்லாதவர்களை, அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் தலைப்பாகையோடு நிற்கச் சொன்ன வரலாற்றையும் சொல்லுங்கள். நியாயம் அநியாயம் என்றால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ரத்தம் சூடாகும்.

வாசிக்கத் தெரியாததும் பெரிய தடையில்லை. அகிலத்திரட்டு அச்சேறியது 1939-ல். அதற்குமுன் ஓலையிலிருந்து ஒருவர் படிக்க ஊரே கேட்டது. அதில் குறோணி என்ற அசுரன் ஆறு துண்டாக வெட்டுப்படும் பகுதியை உங்கள் ராகத்திலேயே செல்பேசியில் பதிந்து அனுப்புங்கள். ஐந்து நிமிடம் போதும். முழு ஏட்டையும் அனுப்பினால் திறக்கவே மாட்டான்.

மகனைத் தாண்டிப் பேரனிடம் போகாதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970-களிலிருந்து பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார். தந்தையோடு பாசமான நெருக்கம் இருந்த வீடுகளில்தான் சமய நம்பிக்கை கூடுதலாகக் கைமாறியிருந்தது. ஆகவே, கார்த்திகை மாத ஏடு வாசிப்பு நிறைவாகும் பட்டாபிஷேக நாளுக்கு மகனை அழையுங்கள். அப்பாவும் பிள்ளையும் பந்தியில் சேர்ந்து பரிமாறட்டும். அன்று நாமம் இடுவதா வேண்டாமா என்பதைப் பையனே சொல்லட்டும்.

ஏடு யாருக்கு என்பது தனிக் கவலை. அதை 13 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். மகனிடம் நேராகக் கேளுங்கள். அவர் தயங்கினால், நிழல்தாங்கலில் உங்களோடு வாசிக்கும் இளையவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். 71 வயதில் அதற்குப் பேரன் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.