மன்னிப்புக்குப் பிறகும் மிஞ்சுவது

அன்புள்ள ஐயா,

முப்பது வருடங்களுக்கு முன் அலுவலகப் பணத்தை எடுத்தேன். பழி உடன் வேலை பார்த்தவர்மேல் விழுந்தது. அவருக்கு வேலை போனது. நான் வாயே திறக்கவில்லை. பிற்காலத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன். போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "சிலுவையில் எல்லாம் தீர்ந்துவிட்டது, இனி அதை நினைக்காதீர்கள்" என்றார். ஆனால் வேலை இழந்த அந்த மனிதர் தன் மேஜையைக் காலிசெய்த காட்சி இன்றும் இரவில் என்னை எழுப்பிவிடுகிறது. அவர் உயிரோடு இருக்கிறார், முகவரியும் தெரியும். என் விசுவாசத்தில்தான் குறையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முகவரி தெரிந்தும் போகாமல் இருக்கிறீர்களே, அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

போதகர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வருகின்றன. ஒன்று பலியாகிறது. மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியனான ஆரோன் தன் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிடுகிறான். பிறகு ஓர் ஆள் அதை வனாந்தரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். அதுதான் போக்காடு. கிறிஸ்தவர்கள் இந்த இரண்டையும் இயேசு ஒருவரில் காண்கிறார்கள். சிலுவையில் பாவம் தீர்ந்தது எப்படி என்பதில் ஒரே விளக்கம் இருந்ததில்லை. இடைக்கால இறையியலாளர் ஆன்செல்ம் அதைத் தேவனுடைய கனத்துக்குச் செலுத்தப்பட்ட ஈடு என்றார். அவருக்கு அடுத்த தலைமுறையில் இன்னொரு இறையியலாளரான அபெலார், நம் இருதயத்தைத் திருப்பும் அன்பு என்றார். எப்படிப் பார்த்தாலும் தேவனிடம் உங்களுக்குப் பாக்கி இல்லை. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஆனால் அதே புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். அயலானை ஏமாற்றியவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். எப்போது? குற்றநிவாரண பலியைச் செலுத்தும் அதே நாளில். ஒரு கையில் ஆட்டின் கயிறு, மறு கையில் பணம். அப்படித்தான் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயுவும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றது இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான். மன்னிப்பை வாங்க அவன் பணம் கொடுக்கவில்லை.

"இனி நினைக்காதீர்கள்" என்ற அறிவுரையில்தான் எனக்கு உடன்பாடில்லை. இயேசுவின் சீடன் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்த இரவில், கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றான். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்தபோதும் அங்கே ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அதே புகை வாசனை அவன் மூக்கில் ஏறியிருக்கும். முதலில் சாப்பிட வைத்தார். பிறகு மூன்றுமுறை கேட்டார், "நீ என்னை நேசிக்கிறாயா?" மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். மறந்துவிடு என்று அவனிடம் இயேசு சொல்லவே இல்லை.

ஆகவே போங்கள். முதலில் கடிதம் எழுதுங்கள். உங்களைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுசெய்யட்டும். எடுத்த பணம் நிறுவனத்துக்குப் போகட்டும். அவர் இழந்த சம்பளத்துக்கு உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் இழந்தது தன் பெயரை. அவர் குற்றமற்றவர் என்பது உங்கள் கையெழுத்தோடு, தன் பிள்ளைகளிடம் காட்டக்கூடிய ஒரு தாளாக அவருக்கு வேண்டும். அவர் மன்னிக்காமல் போகலாம், அது அவர் உரிமை. அப்படி நேர்ந்தால், அந்த இரவுக்கென்று யோவானின் முதல் நிருபத்தில் ஒரு வரி இருக்கிறது: நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர்.

கடிதத்தை மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம். "அந்தப் பணத்தை எடுத்தவன் நான்" என்று தொடங்குங்கள்.

அன்புடன்