மூன்றாவது நீட் வேண்டாம்; கணவாயை ஆராயட்டும்

அன்புள்ள ஐயா,

இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்காத மகளை மூன்றாவது முறையும் எழுத வையுங்கள், இல்லையேல் நிலத்தை விற்றாவது தனியார் கல்லூரியில் சேருங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்துவதாகவும், மகளோ கடலில் பிடிபடும் கணவாயின் மரபணுவை ஆராயப் போவதாகச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் இதில் உறவினர்கள் சொல்வது தவறு, மகள் சொல்வதே சரி.

கணவாயில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நம் கடலின் ஊசிக் கணவாய் ஏறத்தாழ ஓராண்டே வாழ்ந்து, முட்டையிட்டபின் மடிந்துவிடும். முட்டையிடும் முன்பே அளவுக்கு மீறி அள்ளிவிட்டால், ஈடுகட்ட மூத்த தலைமுறை என்று ஒன்று கடலில் இராது. தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு கணவாயைக் காக்குமா என்று அறிய, இரு பக்கக் கணவாயும் தமக்குள் கலந்து இனம் பெருக்கும் ஒரே கூட்டமா என்று முதலில் தெரிய வேண்டும். இரு பக்கமும் இருப்பது ஒரே கூட்டம் என்றால் இரு பக்கப் பிடிப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வெவ்வேறு கூட்டம் என்றால் ஒரு பக்கம் தீர்ந்ததை மறு பக்கம் வந்து நிரப்பாது. உருவத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. விடியற்காலையில் ஏலக் கூடைக்கு அருகே அமர்ந்து, ஒவ்வொரு கணவாயிலும் நகத்தளவு தசையை வெட்டி, ஆல்கஹால் குப்பியில் இட்டு, பிடிபட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரித்து ஒப்பிட வேண்டும். ஐரோப்பியக் கணவாய் இனம் ஒன்றை அப்படி ஒப்பிட்டதில், அட்லாண்டிக் பெருங்கடலின் அசோர்ஸ் தீவுகளைச் சுற்றி வாழ்வது தனிக்கூட்டம் என்று 1999இல் தெரியவந்தது.

தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியின் நான்காண்டு இளநிலைப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை, நீட் கேட்பதில்லை. முதுநிலைக்கு மும்பையின் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் உண்டு. கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், லக்னோவில் மீன் மரபணு வளங்களுக்கென்றே ஒரு தேசியப் பணியகமும் இருக்கின்றன. இளநிலை மட்டும் படித்தால் இந்த ஆய்வு கைகூடாது; முனைவர் பட்டம் வரை போக வேண்டும், நிலையான சம்பளமும் தாமதமாகவே வரும். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

நிலத்தை விற்பதற்கு நான் உடன்படவே மாட்டேன். விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டின் ஒரே கைப்பொருளைக் கொடுத்தால், அவள் நடுவில் நின்றாலும் தொடர்ந்தாலும் அந்தப் பாரம் அவள் தலையில்தான் விழும். விண்ணப்பத் தேதியை மீன்வளப் பல்கலைக்கழக இணையதளத்தில் இன்றே பாருங்கள். அதற்குள் ஒரு நாள் விடியலில் அவளைத் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று, அந்த வாடையும் ஈரமும் அவளுக்கு ஒத்துவருகின்றனவா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.