கைக்குழந்தையின் திடீர் மரணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தங்கையின் மூன்று மாதக் குழந்தை இரவில் பால் குடித்துவிட்டுத் தூங்கியது. விடியற்காலையில் பார்த்தால் மூச்சில்லை. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை. “ஏப்பம் விட வைக்காமல் படுக்கப் போட்டாள், பால் புரையேறிவிட்டது” என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகி, கரூர்

பதில்: பரிசோதனையில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றால், புரையேறியதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. இதை முதலில் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். குழந்தையின் வாயில் பால் தெரிந்ததும் எல்லோரும் அந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். ஆனால் உயிர் பிரியும் நேரத்திலும், நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போதும் வயிற்றில் இருக்கும் பால் மேலேறி வரும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தை தூக்கத்தில் இறந்து, பிரேதப் பரிசோதனை, இறந்த இடம், மருத்துவ விவரம் மூன்றையும் ஆராய்ந்த பிறகும் காரணம் தெரியாவிட்டால் அதை ‘சிட்ஸ்’ என்கிறார்கள். இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள்தான் இது மிக அதிகம். முகத்தருகே கரியமில வாயு சேர்ந்தால் குழந்தை தலையைத் திருப்பும், விழித்து அழும். இந்த விழிப்பை நடத்தும் மூளைத்தண்டு சில குழந்தைகளுக்கு மந்தமாக இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் கண்டது. பெற்ற தாயானாலும் வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: அவளுக்கு இன்னும் பால் கட்டுகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வலி குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிடட்டும். முழுக்கப் பீய்ச்சினால் பால் மேலும் சுரக்கும். குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். துணியால் இறுக்கிக் கட்டுவது மட்டும் வேண்டாம். பால் நாளம் அடைத்துச் சீழ் வைக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பால் நிற்க மாத்திரை உண்டு. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொன்ன பிறகே வாங்க வேண்டும்.

குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். “வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்” என்பதைப் போல நோகடிக்கும் சொல் வேறில்லை. சட்டை, தூளிச்சேலை எதையும் அவளைக் கேட்காமல் அப்புறப்படுத்தாதீர்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் “தம்பி தூங்கிட்டான்” என்று சொல்லாதீர்கள், அது தூங்கவே பயப்படும். இறந்துவிட்டான் என்றே சொல்லுங்கள். ஓடியாடி வேலை பார்க்கும் தகப்பனையும் யாராவது உட்கார வைத்துப் பேச வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யும் பொறுப்பை உறவினர் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

சாப்பிடாமல், தூங்காமல் நாட்கள் போனாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கேள்வி: பேத்தி குப்புறப் போட்டால்தான் அசையாமல் தூங்குகிறாள். மல்லாக்கப் போட்டால் புரையேறாதா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: அசையாமல் தூங்குவதுதான் ஆபத்து. குப்புறப் படுத்த குழந்தை எளிதில் விழிக்காது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. எதுக்களித்த பால் கீழேயே இறங்கிவிடும். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கிய பின் இந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. ஒருக்களித்தும் போடாதீர்கள், உருண்டு குப்புற விழும்.

அழுந்தாத, சமதளமான விரிப்பு போதும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை வேண்டாம். வீட்டுக்குள் குல்லாயும் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். தூளியில் துணி தொய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு வழி குறுகும், ஆகவே தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் கிடத்துங்கள். பெரியவர்கள் படுக்கும் அறையிலேயே, தனி விரிப்பில் ஆறு மாதமாவது படுக்கட்டும். சோபாவில் குழந்தையை அணைத்தபடி யாரும் கண்ணயரக் கூடாது. வீட்டில் பீடி, சிகரெட் புகையே இருக்கக் கூடாது. தாய்ப்பால் நல்ல காப்பு. தலை தட்டையாகும் என்று கவலைப்பட்டால், விழித்திருக்கும்போது உங்கள் கண்முன் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

கேள்வி: தடுப்பூசியால் இப்படி நடக்குமா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை. நம் அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் ஊசி. சிட்ஸ் அதிகம் வரும் வயதும் அதையொட்டியே இருப்பதால்தான் இந்தச் சந்தேகம். ஊசி போட்ட குழந்தைகளிடம் சிட்ஸ் அதிகம் இல்லை, குறைவாகவே காணப்படுகிறது.

கேள்வி: அடுத்த குழந்தைக்கும் வருமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெரும்பாலும் வராது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு முறை நடக்கவே நடக்காது என்று நினைப்பதும் தவறு. பிரிட்டனில் சாலி கிளார்க் என்ற தாய், இரண்டு மகன்களைக் கொன்றதாக 1999-இல் தண்டிக்கப்பட்டார். இரண்டு இயற்கை மரணத்துக்கு 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று வழக்கில் சொல்லப்பட்டது. ஒரே குடும்பத்துக்கு மரபும் சூழலும் பொது என்பதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது. 2003-இல் அவர் விடுதலையானார். ஆகவே பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்து, அடுத்த பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஈசிஜி, புதிய குழந்தைக்கு வளர்சிதை மாற்றக் கோளாறுக்கான (உணவை உடல் சக்தியாக மாற்றுவதில் வரும் பிறவிக் கோளாறு) ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மூச்சைக் கண்காணிக்கும் காலுறை, அலாரம் எதுவும் சிட்ஸைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. அந்தக் கருவியை நம்பிக் குப்புறப் போடத் துணியாதீர்கள்.