இலக்கச் சுட்டி கோட்டைவிடும் இடம்

அன்புள்ள ஐயா,

மகள் தரம் 8இல் படிக்கிறாள். பெருக்கல் விடைகளை இலக்கச் சுட்டி (ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒரே இலக்கமாக்குவது) பார்த்துத்தான் சரிபார்ப்பாள். போன கிழமை 47 × 38 = 1876 என்று எழுதிவிட்டு, சுட்டி ஒத்துவருகிறது, ஆகவே சரி என்று நின்றாள். கல்குலேட்டர் 1786 என்கிறது. அந்த முறையே பிழையா? அவளுக்கு எண்களில் நல்ல ஆசை. எண் கோட்பாடெல்லாம் (முழு எண்களின் இயல்புகளை ஆராயும் கணிதம்) பல்கலைக்கழகத்தில்தான் என்கிறார் ரியூஷன் ஆசிரியர். இப்போதே தொடங்க வழி உண்டா?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

முறையில் பிழையில்லை. இலக்கச் சுட்டி என்பது 9ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான் (மீதி 0 வந்தால் சுட்டியை 9 என்போம்). 10, 100, 1000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் ஒரு 7 பத்தினிடத்தில் நின்றாலும் நூறினிடத்தில் நின்றாலும் 9க்கு அது வெறும் 7தான். 47இன் சுட்டி 2, 38இன் சுட்டி 2, பெருக்கினால் 4. 1786, 1876 இரண்டிலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 22, சுட்டி 4. இலக்கங்கள் இடம் மாறினால் 9க்குத் தெரியவே தெரியாது. அவசரத்தில் பிள்ளைகள் விடும் பிழையோ பெரும்பாலும் அதுதான்.

இதற்கு 11ஐத் துணைக்குக் கூப்பிட வேண்டும். 10 என்பது 11க்கு ஒன்று குறைவு, 100 என்பது 99க்கு ஒன்று கூட. எனவே ஒன்றினிடத்திலிருந்து தொடங்கி, ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால் 11இன் மீதி கிடைக்கும். 47க்கு 7−4=3. 38க்கு 8−3=5. பெருக்கினால் 15, அதில் 11 போக 4. 1786க்கு 6−8+7−1=4, பொருந்துகிறது. 1876க்கு 6−7+8−1=6, பிடிபட்டது. இடப்பக்கமிருந்து தொடங்கினால் நான்கிலக்க எண்ணில் குறி தலைகீழாகிவிடும். மகள் இதில் கவனமாக இருக்கட்டும். விடை மறை எண்ணாக வந்தால் 11ஐக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஓட்டை உண்டு. 1786இல் 7ஐயும் 6ஐயும் மாற்றி 1687 என்று எழுதினால் வித்தியாசம் 99. அது 9ஆலும் வகுபடும், 11ஆலும் வகுபடும், ஆகவே இரண்டுமே கோட்டைவிடும். 7ஆல் வகுத்துப் பாருங்கள்: 47இன் மீதி 5, 38இன் மீதி 3, பெருக்கினால் 15, மீதி 1. 1786க்கும் மீதி 1. 1687க்கு 0.

எந்தப் பிழை எந்த வகுத்தியிடம் தப்பும் என்று கேட்கத் தொடங்கிய பிள்ளை எண் கோட்பாட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டாள். ஜேர்மன் கணிதவியலாளர் காவுஸ் 1801இல் மூன்று கோட்டுக் குறி (≡) போட்டு எழுதியதும் இதே மீதிக் கணக்கைத்தான். ஆசிரியர் சொல்வதை இந்த இடத்தில் நான் ஏற்கமாட்டேன்.

வீட்டு அலுமாரியில் 2007க்கு முன் கொழும்பில் பதிப்பித்த புத்தகம் இருந்தால் அதன் ஐ.எஸ்.பி.என். எண்ணை (புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்) பாருங்கள். 955இல் தொடங்கும் பத்து இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல் என்று கடைசி இலக்கம் வரை இறங்கிப் பெருக்கிக் கூட்டினால் 11ஆல் மீதியின்றி வகுபடும் (கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து நின்றால் அது 10). எந்த இரண்டு வேறுபட்ட இலக்கங்களை இடம் மாற்றினாலும் இந்தக் கணக்கு உடையும். கூட்டுத்தொகை மாறும் அளவு, இலக்கங்களின் வித்தியாசத்தையும் பெருக்கிகளின் வித்தியாசத்தையும் பெருக்கி வருவது. இரண்டும் 11ஐவிடச் சிறியவை. 11 முதன்மை எண். ஒரு பெருக்கத்தை அது வகுக்க வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றையாவது வகுத்தே ஆகவேண்டும்.

2007இலிருந்து வந்த 13 இலக்க எண்ணில் 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கி 10ஆல் வகுக்கிறார்கள். 10 முதன்மை எண் அல்ல. அடுத்தடுத்து 1, 6 இருந்தால் 1×1+6×3=19. மாற்றி 6, 1 என்று எழுதினால் 6×1+1×3=9. கடைசி இலக்கம் அதே 9, ஆகவே பிழை தப்பிவிடுகிறது.

மகளை ஒரு கொப்பியில் மீதி வாய்பாடு போடச் சொல்லுங்கள்: பெருக்கல் வாய்பாட்டின் ஒவ்வொரு விடைக்கும் பதிலாக, அதை ஓர் எண்ணால் வகுத்தால் வரும் மீதியை எழுதுவது. 10க்கு 4ஆம் வாய்பாடு 4, 8, 2, 6, 0 என்று வந்து மறுபடி அதையே சுற்றும். 11க்கு 4, 8, 1, 5, 9, 2, 6, 10, 3, 7 என்று பூச்சியம் தவிர்ந்த எல்லா மீதியும் ஒருமுறை வந்துவிடும். பிறகு 12க்குப் போடட்டும். 1, 5, 7, 11 ஆம் வாய்பாடுகளில் மட்டும்தான் எல்லா மீதியும் வரும். ஏன் இந்த நான்கு மட்டும் என்று அவள் தானாகவே சொல்லட்டும், அதன்பிறகு பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது) பாடத்தைத் திறக்கலாம். ஒரு கிழமை எடுத்தாலும் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.